வாந்தி வந்தால் வண்டி நிற்கும்

அன்று காலை முதல் டிரிப்பில் இருந்தவர்கள்: ஸ்டியரிங்கில் அவள். பின்வாசலில் கண்டக்டர், அதாவது அவள் புருஷன். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் அவன் அம்மா, மடியில் ஒரு துணிப்பை. ஜன்னலோரத்தில் பள்ளிக்கூட டீச்சர். தூங்கி வழிந்துகொண்டு மில் ஆட்கள் சிலர். கடைசி சீட்டில் காலை அகட்டி உட்கார்ந்திருந்த செக்கர். கூடவே, டிக்கெட் வாங்காத ஒருத்தர், அவள் வயிற்றில்.

அந்தக் கடைசி ஆளைப் பற்றி பஸ்ஸில் மூன்று பேருக்குத்தான் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம்தான் சமையலறையில் மூன்று பேரும் நின்று பேசி முடித்தார்கள். அவளாக வாயைத் திறக்கும் வரை டிப்போவில் யாரும் மூச்சு விடக் கூடாது. கண்டக்டர் தன் அம்மா தலையில் கை வைத்தே சத்தியம் செய்தான். "சத்தியம் பண்ண என் தலைதான் கிடைச்சுதா உனக்கு?" என்று அத்தை அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

காரணம் இல்லாமல் இல்லை. வருஷக்கணக்கில் டிப்போவுக்குள்ளேயே டீசல் பம்புக்கும் வண்டி கழுவும் இடத்துக்கும் பஸ்களை நகர்த்திக்கொண்டிருந்தவள் அவள். ரூட் வண்டி கேட்டபோதெல்லாம் "பார்க்கலாம்மா" என்றார்கள். அவர்கள் பார்த்துப் பார்த்து இவளுக்கு நரை விழுந்ததுதான் மிச்சம். ஒருவழியாக இந்த வண்டி கைக்கு வந்தது. வந்த சூட்டோடு மசக்கையும் வந்தது.

டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் பேசுகிறவள். படுக்கையை விட்டு எழுந்திருக்கும் முன்பே காய்ந்த ரொட்டியோ ரஸ்க்கோ கொஞ்சம் கடித்துக்கொள்ள வேண்டும். வயிற்றைக் காலியாகப் போடக் கூடாது. தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். அந்தத் தண்ணீரே வயிற்றில் தங்கவில்லை என்றால் உடனே ஓடி வர வேண்டும்.

"வண்டி ஓட்டலாமா டாக்டர்?"

"தலை சுத்துதா?"

"இல்ல."

"கண்ணு இருட்டிக்கிட்டு வருதா?"

"இல்ல."

"அப்ப ஓட்டுங்க. அதுல எது வந்தாலும் ஓட்டாதீங்க. தூக்கம் கண்ணைச் சொருகினாலும் சாவியை வேற ஆள்கிட்ட குடுத்துடுங்க. வீராப்பு காட்டாதீங்க."

வீராப்பு என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவள் ஒப்புக்கொண்டாள்.

டிங்.

ஒற்றை மணி. நிறுத்து என்று அர்த்தம். அவள் வண்டியை ஓரம் கட்டினாள். அங்கே ஸ்டாப்பிங் இல்லை. ஒரு நீளமான சுவரும் அதன் அடியில் படுத்திருந்த நாயும்தான் இருந்தன.

தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். கண்டக்டர் வாசலைப் பார்க்கவில்லை. அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எச்சில் விழுங்கியதைப் பார்த்திருக்கிறான். விழுங்கினால் குமட்டல், குமட்டினால் மணி. இந்த வாரம் முழுக்க இதே கூத்து.

"கண்டக்டர், யாரு இறங்குறா?"

"யாரும் இல்லீங்க டிரைவர்."

"ஏறுறாங்களா?"

"இல்லீங்க."

"அப்ப நாய்க்கு டிக்கெட் போடுங்க. சும்மாவா நிறுத்தினோம்?"

யூனிபார்ம் போட்டுவிட்டால் இருவருக்கும் நடுவில் 'நீங்க'தான். வீட்டில் அவன் அவளை 'நீ, வா, போ' என்பான். வண்டியில் அது செல்லாது. முதல் நாளே அவள் போட்ட சட்டம்.

"ஏம்ப்பா, புருஷன் பொண்டாட்டி வம்பை வீட்டுல வெச்சுக்கக் கூடாதா? எங்களுக்கு லேட்டானா கேட்டைச் சாத்திடுவான்" என்றார் மில்காரர் ஒருவர்.

"வீட்டுலயும் இதேதான் நடக்குது. நீங்க இங்கேயே பார்த்துக்குங்க" என்றாள் அத்தை.

அத்தை இந்த வண்டியில் வருவது காவலுக்காம். துணிப்பையில் ரஸ்க், தண்ணீர், பிளாஸ்டிக் கவர், ஈரத் துணி. மகன், பெற்ற தாய்க்கும் டிக்கெட் கிழிக்காமல் விடுவதில்லை. அவளும் "ஏறின ஸ்டாப்பிங்கைத் தப்பாப் போட்டிருக்கே" என்று குறை சொல்லாமல் வாங்குவதில்லை.

மார்க்கெட் முனையில் சென்ட்காரர் ஏறினார்.

அவருக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. அவர் வருகிறார் என்பது மட்டும் அவர் வருவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிடும். மற்ற நாட்களில் அது வேடிக்கை. அன்று காலை அந்த வாசனை எஞ்சின் சூட்டோடு கலந்து, டிரைவர் சீட்டைச் சுற்றிக் கம்பளி மாதிரி போர்த்திக்கொண்டது. வாயில் உப்புத் தண்ணீர் ஊறியது. வயிற்றை யாரோ ஈரத் துணி மாதிரி முறுக்கினார்கள்.

அவள் பதறவில்லை. கண்ணாடி, இண்டிகேட்டர், ஓரம், நியூட்ரல், ஹேண்ட் பிரேக். அதற்கு அப்புறம்தான் பின்னால் கையை நீட்டினாள். அத்தை கவரை விரித்தே வைத்திருந்தாள். வாந்திக்கு அவள் வைத்திருந்த வரிசை அது. வாந்தியும் அந்த வரிசைக்குப் பழகியிருந்தது.

சத்தம் வண்டி முழுக்கக் கேட்டது.

"என்னய்யா இது! டிரைவரு நேத்து ராத்திரி ஏத்தினது இன்னும் இறங்கலையா?" பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆமாடா, உங்க அப்பன்தான் ஊத்திக் குடுத்தான்" என்றாள் அத்தை, திரும்பிப் பார்க்காமலே.

கடைசி சீட்டிலிருந்து செக்கர் எழுந்து முன்னால் வந்தார். நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷர்களுக்கே உரிய இளகிய முகத்தை வைத்துக்கொண்டு குனிந்தார்.

"பாவம்மா நீங்க. இன்னைக்கு ஒரு நாள் பல்லைக் கடிச்சுக்குங்க. நாளையில இருந்து தொலைஞ்ச சாமான் ரூம்ல ஃபேனுக்குக் கீழே உக்காந்துக்கலாம். உங்க வீட்டுக்காரர்தான் மேனேஜரைப் பார்த்து எல்லாத்தையும் பேசி முடிச்சிட்டாரே."

அவள் வாயைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

தொலைந்த சாமான் அறை. டிப்போவின் பின்கட்டில், ஜன்னல் இல்லாமல், குடைகளும் டிபன் பாக்ஸ்களும் ஒற்றைச் செருப்புகளும் குவிந்து கிடக்கிற அறை. முழங்கால் வலி என்று கொஞ்ச நாளைக்கு அங்கே போன டிரைவர் ஒருவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். முழங்கால் சரியாகி எத்தனையோ காலமாகிறது. அந்த அறைக்குள் போன ஆள் திரும்ப ரூட்டுக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

கண்ணாடியில் பார்த்தாள். கண்டக்டர் டிக்கெட் மெஷினை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தான், அதற்கு முதுகு எது முகம் எது என்று தெரியாதவன் மாதிரி.

அவள் கவரின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டாள். தண்ணீர் வாங்கி ஜன்னல் வழியாக வாயைக் கொப்பளித்தாள். அப்புறம் சீட்டிலிருந்து எழுந்து பின்பக்கம் திரும்பி நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. நான் குடிக்கல. உண்டாயிருக்கேன். வாந்தி வந்தா வண்டி நிக்கும். நிறுத்திட்டுத்தான் வாந்தி எடுப்பேன், எடுத்து முடிச்சிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். அது சரிப்படாதவங்க இப்பவே இறங்கிக்கலாம், நான் தப்பா நினைக்க மாட்டேன். சென்ட் போட்டவரு மட்டும் தயவு பண்ணி பின்சீட்டுக்குப் போயிடணும்."

யாரும் கைதட்டவில்லை. யாரும் இறங்கவும் இல்லை. அடுத்த வண்டி வர நேரமாகும். சென்ட்காரர் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். டீச்சர் தன் பக்கத்து ஜன்னலை முழுசாகத் திறந்துவிட்டு, "நீங்க எடுங்க டிரைவர்" என்றாள்.

டெர்மினஸ் வரை கண்டக்டர் ஒரு மணி கூடத் தப்பாக அடிக்கவில்லை.

ஆட்கள் இறங்கியதும் எஞ்சினை அணைத்தாள். அணைத்த நிமிஷத்தில் களைப்பு வந்து உட்கார்ந்தது. வேலை செய்த களைப்பு இல்லை இது. அந்தக் களைப்பு அவளுக்குத் தெரியும், தூங்கினால் போய்விடும். இது எலும்புக்குள் ஈர மணலைக் கொட்டி நிரப்பின மாதிரி. கையைத் தூக்க வேண்டும் என்று நினைப்பதற்கே ஒரு கை தேவைப்பட்டது.

கண்டக்டர் டிரைவர் கதவுப் பக்கம் வந்து நின்றான்.

"நீ கொஞ்சம் நான் சொல்றதைக் கேளு."

"யூனிபார்ம்ல இருக்கேன்."

"சரி. நீங்க கொஞ்சம் நான் சொல்றதைக் கேளுங்க."

"சொல்லுங்க கண்டக்டர்."

"முந்தாநாள் குழாயைத் திறந்து விட்டுட்டு, கையில கிண்ணத்தை வெச்சுக்கிட்டு நின்ன மேனிக்குத் தூங்கினீங்க. நான்தான் தாங்கிப் பிடிச்சேன். ரோட்டுல அப்படித் தூங்கிட்டா? உள்ள அத்தனை பேரு இருக்காங்க. நீங்க இருக்கீங்க. அது வேற இருக்கு."

"பயந்துட்டீங்க."

"ஆமா, பயந்துட்டேன். அதுல என்ன தப்பு?"

"தப்பே இல்ல. பயந்தா என்கிட்ட வந்து பயப்படணும். மேனேஜர்கிட்ட போய் எதுக்குப் பயந்தீங்க?"

"உங்ககிட்ட சொன்னா கேட்டிருப்பீங்களா?"

"கேட்டிருக்க மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். அந்தச் சண்டைக்கு வந்து நிக்கிறவன்தான் புருஷன். பின்பக்கமா போய் வேலையை முடிக்கிறவனுக்கு வேற பேரு." அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்த முடியவில்லை என்பது வேறு விஷயம். "நானே சம்மதிச்சேன்னு சொன்னீங்களா?"

அவன் முன் சக்கரத்தைப் பார்த்தான்.

"டயரைப் பார்க்காதீங்க. அதுல காத்து இருக்கு. பதில் சொல்லுங்க."

"சொன்னேன்" என்றான். "நீங்க சொல்லித்தான் வந்தேன்னு சொன்னேன்."

வண்டிக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அத்தை தலையை வெளியே நீட்டினாள்.

"டேய், என் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணிட்டா போய் உளறினே? அதான் ரெண்டு நாளா எனக்கு மண்டைய இடிக்குது."

அவள் கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கினாள். டைம் கீப்பர் கூண்டுக்கு நடந்தாள். அதற்குள் அவளுக்குக் கண் சொருகியது. சுவரில் கை வைத்து நின்றாள். டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. கோபம் ஒரு பக்கம் கொதித்தது: இப்போது சாவியைக் கொடுத்தால் அவன் சொன்னதே சரி என்று ஆகிவிடும். கொடுக்காமல் வண்டியை எடுத்தால், அவன் சொன்னது நிஜமாகவே சரி என்று ஆகிவிடலாம்.

கூண்டுக்குள் டைம் கீப்பரும், மத்தியான ஷிப்டுக்குக் காலையிலேயே வந்துவிடும், டிப்போவில் எல்லோரும் தாடி என்று கூப்பிடும் டிரைவரும் இருந்தார்கள். அவள் சாவியை மேசையில் வைத்தாள்.

"அடுத்த டிரிப் என்னால முடியாது. தூக்கம் வருது. படுத்து எழுந்திரிச்சிட்டு அதுக்கு அடுத்ததை எடுக்குறேன். எனக்கு மசக்கை. இனிமே இது ரகசியம் இல்ல."

தாடி எதுவும் கேட்காமல் சாவியை எடுத்துக்கொண்டார். "நான் போறேன். ஆனா உங்க கண்டக்டரு இன்னைக்குக் கண்ட இடத்துல மணி அடிக்கிறாராமே? மில்காரங்க சொல்லிட்டுப் போறாங்க. எனக்கு அடிச்சா நான் இறங்கி வந்து அடிப்பேன்."

வாசலில் நின்ற கண்டக்டர் அந்தச் சாவி கை மாறியதைப் பார்த்தான். அவள் அதைக் கவனித்தாள். கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. டைம் கீப்பரிடம் போனை வாங்கி மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"சார், நான் எந்த ரூமுக்கும் போகல. எனக்கு வண்டி வேணும். காலையில வெறும் வயித்துலதான் ரொம்பப் படுத்துது. கொஞ்ச காலத்துக்கு மத்தியான ஷிப்ட் குடுங்க. அது போதும்."

"உங்க வீட்டுக்காரர் நீங்க கேட்டதாத்தானே சொன்னாரு?"

"நான் கேட்கல."

"ஏம்மா, ஒரே வீட்டுல இருந்து ரெண்டு பேச்சு வந்தா நான் எதை நம்புறது? நாளைக்கு ரோட்டுல ஏதாவது ஆச்சுன்னா, 'நான் அன்னைக்கே சொன்னேனே'ன்னு அவருதான் முதல்ல என் கழுத்தைப் பிடிப்பாரு."

"சார், என் வயித்துக்கு அவரு வாய் எதுக்கு?"

டைம் கீப்பர் இருமினார். தாடி இருமாமலே சிரித்தார்.

மேனேஜர் சொன்னார். "அந்த வாய்தான் சிக்கலைப் போட்டுச்சு, அதுவே வந்து எடுக்கட்டும். சாயங்காலம் நான் கிளம்புறதுக்குள்ள அவரு நேர்ல வரணும். சொன்னது பொய்யின்னு என் முன்னாடி நின்னு சொல்லணும். வந்தா மத்தியான ஷிப்ட். வரலைன்னா காலையில அந்த ரூமு சாவியை வாங்கிக்குங்க."

"என் மத்தியான ஷிப்டை உங்களுக்குக் குடுத்து எனக்குக் காலை ஷிப்ட் குடுத்தா, மேனேஜர் சார் வீட்டுத் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவேன்னு சொல்லுங்க" என்றார் தாடி. "காலையில என் மாமியார் வாயில விழாம தப்பிச்சுக்கலாம்."

அவள் டிரைவர்கள் அறை பெஞ்சில் படுத்தாள். விழுந்த உடனே தூங்கிப்போனாள். அத்தை தலைமாட்டில் உட்கார்ந்து, சத்தமாகப் பேசிய டிரைவர்களை எல்லாம் கண்ணாலேயே வெளியே அனுப்பினாள். எழுந்ததும் ரஸ்க் தின்று, தண்ணீர் குடித்து, அடுத்த டிரிப்பை அவளே ஓட்டினாள். வழியில் ஒரு முறை வண்டி நின்றது. பிறகு கிளம்பியது. செய்தி அதற்குள் ரூட் முழுக்கப் பரவியிருந்தது. ஏறுகிறவர்கள் எல்லாம் முதலில் தங்கள் சட்டையை மோந்து பார்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் வீட்டில் கண்டக்டர் ஷூவின் கயிற்றைக் கட்டினான். அவிழ்த்தான். மறுபடி கட்டினான்.

"என்னங்க, அது ஷூவா, ஊஞ்சலா?" என்றாள் அவள். சமையலறை வாசலில் சாய்ந்து நின்றிருந்தாள். அடுப்பில் அத்தை எதையோ வதக்கிக்கொண்டிருந்தாள். அந்த வாசனைக்கு அவள் மூக்கைப் புறங்கையால் மூடியிருந்தாள்.

"நீ சாவியைக் குடுத்ததை நான் பார்த்தேன்."

"பார்த்தீங்கல்ல?"

"நீ குடுக்க மாட்டேன்னு நினைச்சேன்."

"அதான் உங்க பிரச்சினை. எனக்குத் தூக்கம் வர்றது உங்களுக்குத் தெரியுது. எனக்கும் தெரியும்ங்கிறதுதான் உங்களுக்குத் தெரியல."

அவன் தலையாட்டினான். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"இப்ப அங்க எல்லாரும் இருப்பாங்க. கிளார்க்குங்க, மெக்கானிக்குங்க. அத்தனை பேர் முன்னாடி, நான் பொய் சொன்னேன்னு எப்படிச் சொல்றது? நாளைக்கு என்னை டிக்கெட் கேட்கவே விடமாட்டானுங்க. சிரிப்பானுங்க."

"இன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி நான் வாந்தி எடுத்தேன்" என்றாள் அவள். "சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்னுதானே எடுத்தேன்? பொய் சொல்றதைவிட வாந்தி எடுக்கிறது கஷ்டம். ஒரு பொய்யை வெளியே எடுக்கிறதுக்கு உங்களுக்குக் கவர் வேணுமா?"

அதற்குள் அவளுக்கே வந்துவிட்டது. குளியலறைக்கு ஓடினாள். அத்தை அடுப்பை அணைத்தாள். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. தண்ணீர் விழும் ஓசை வந்தது. கண்டக்டர் பாதி எழுந்தான்.

"நீ உக்காரு" என்றாள் அத்தை. "அவ பின்னாடி ஓடி முதுகைத் தடவிட்டு, அதையே சாக்கா வெச்சு வீட்டுலயே இருந்துடலாம்னு பார்க்குறியா? உன்னைப் பெத்தவ நான்."

"நீயும் அவ ரெஸ்ட் எடுக்கட்டும்னுதானேம்மா சொன்னே?"

"சொன்னேன். இன்னும் சொல்றேன். அவ மூஞ்சிக்கு நேரா சொல்றேன், அவளும் மூஞ்சிக்கு நேரா முடியாதுங்கிறா. அது எங்க சண்டை. நீ யாருடா நடுவுல, அவ வாயில உன் பேச்சை வெச்சு மேனேஜருக்கு விக்கிறதுக்கு? நான் யார் பக்கமும் இல்ல. எழுந்திரு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவன் எழுந்து நின்றிருந்தான். அவள் ஆணியில் தொங்கிய அவன் பையை எடுத்து நீட்டினாள்.

"மேனேஜர் கிளம்பியிருந்தா?"

"அவரு வீட்டுக்குப் போங்க."

"ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு..."

"வந்து குடிங்க."

அத்தை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அவன் படியில் இறங்கி, தெருவைப் பார்த்து, திரும்பி நின்றான். சாயங்கால வெளிச்சத்தில் அவன் முகம் காலையில் கண்ணாடியில் தெரிந்ததை விட மோசமாக இருந்தது.

"இரு. மேனேஜர்கிட்ட நான் அது மட்டும் சொல்லல. இன்னொண்ணும் சொல்லியிருக்கேன்."

என்ன என்று கேட்க வேண்டும் போலத்தான் அவளுக்கு இருந்தது. கேட்டால் அவன் உள்ளே வருவான், உட்காருவான், ஷூவைக் கழற்றுவான், அதற்குள் மேனேஜர் கிளம்பிவிடுவார்.

"எதைச் சொல்லியிருந்தாலும் அதையும் சேர்த்துத் திருப்பி வாங்கிட்டு வாங்க" என்றாள்.

அத்தை கதவைச் சாத்தினாள். அவள் உள்ளேயிருந்து பூட்டில் சாவியைத் திருப்பினாள்.